அவங்க அடிக்கலாம், இவங்க அடிக்கக் கூடாதா?

ஜவ்வாது மலையிலிருந்து நான் இறங்கிவிட்டேன். கோபம் இன்னும் இறங்கவில்லை.

ஜப்பானிலிருந்து கெய்கோ என்ற மேளக்கலைஞர் வந்திருந்தார். நெல்லிவாசல்நாட்டில் பாட்டுக்கும் கும்மிக்கும் பேர்போனவர் சின்னபாப்பா. நான் பரதம் ஆடுகிறவள். மலையில் நடந்த விழாவுக்காக மூன்று பேரும் சேர்ந்து ஒரு நிகழ்ச்சி தயாரித்தோம்.

ஜப்பான் மேளம் ஜீப் கூரையில் ஏறி வந்தது. பீப்பாய் மாதிரி இருக்கும். சின்னபாப்பா அதைத் தட்டிப் பார்த்தார். "இன்னாங்க இது, மாட்டுத் தோலா?"

கெய்கோவுக்குத் தமிழ் தெரியாது. சின்னபாப்பாவுக்கு ஆங்கிலம் தெரியாது. நடுவில் நான். ஆனால் ஒத்திகை சூடுபிடித்ததும் என்னை யார் கேட்டார்கள்? சின்னபாப்பா சாமை இடிக்கிற பாட்டை எடுத்தார்; கெய்கோ அந்த உலக்கை அடியை அப்படியே மேளத்தில் பிடித்தார். கொஞ்ச நேரத்தில் குச்சி சின்னபாப்பாவின் கைக்கு மாறிவிட்டது!

"எங்கள் ஊர்த் திருவிழாவில் பெண்களை மேளம் தொட விடமாட்டார்கள். அதனால்தான் நாங்கள் தனிக் குழு ஆரம்பித்தோம்" என்றார் கெய்கோ. தமிழில் சொன்னேன்.

"அங்கியும் இதே கதைதானா?" என்றார் சின்னபாப்பா.

விழா நாள். திருப்பத்தூரிலிருந்து வந்த கமிட்டித் தலைவர் கெய்கோவுக்கு ஆளுயர மாலை போட்டார். மேளம் முழங்கியது. கைதட்டல். சின்னபாப்பா தன் குச்சிகளை எடுத்தார்...

தலைவர் மேடைக்கு ஓடிவந்தார். "ஏம்மா, கீழ வை. பொம்பள மேளம் தொடுறது மலை வழக்கம் இல்ல."

"அப்ப அவங்க?"

"அவங்க ஃபாரின்!"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மலையில் பிறந்தவருக்கு மலை வழக்கத்தை டவுன்காரர் கற்றுத் தருகிறார். ஃபாரின் என்றால் பெண் இல்லையா? அல்லது, நம் ஊர்ப் பெண் என்றால் கலைஞர் இல்லையா?

நான் வாயைத் திறப்பதற்குள் சின்னபாப்பா முந்திக்கொண்டார். "இது எங்க மலைங்க. எங்க வழக்கத்த நாங்க பாத்துக்கறோம். நீங்க எறங்குங்க."

கெய்கோ கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டார். தலைவர் "பிளீஸ், பிளீஸ்" என்று கெஞ்சினார். "இருவரும் அடிப்போம். இல்லையென்றால் நானும் இல்லை" என்றார் கெய்கோ, ஆங்கிலத்தில்.

தலைவர் என்ன செய்தார் தெரியுமா? மைக்கை அணைக்கச் சொன்னார். மேளத்துக்கு எதற்கய்யா மைக்?

சின்னபாப்பா ஓங்கி அடித்தார். மேளத்தின் அந்தப் பக்கத்திலிருந்து கெய்கோ பதில் அடித்தார். கூட்டத்திலிருந்த பெண்கள் எழுந்து வந்து கும்மி வட்டம் கட்டினார்கள், பாட்டை அவர்களே வாங்கிக்கொண்டார்கள். நான் ஆடினேன். கோபத்தில் ஆடினால் தாளம் தப்பாது என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

எல்லாம் முடிந்ததும் தலைவர் சிரித்துக்கொண்டே வந்தார். "பிரமாதம்மா! ஒரு போட்டோ எடுத்துக்கலாமா... ஜப்பான் அம்மாகூட மட்டும்?"

அவருக்கு நான் சொன்ன பதிலை அச்சில் போட முடியாது என்கிறார் நம் பத்திரிகை ஆசிரியர்.