ஏழாம் இடம்

பதினெட்டு வருடம் நகரசபை உறுப்பினராக இருந்து நீக்கிலாஸ் என்னத்தைக் கிழித்தார் என்று கேட்டால், தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் பாதிப் பேர் அடிக்க வருவார்கள். ஆனால் அவர் இருந்தது அங்கிருந்து ரயிலில் போகவேண்டிய, திரான்சிக்குப் பக்கத்து ஊரின் சபையில்; இடதுசாரிக் கட்சியின் ஒரே தமிழ் உறுப்பினர். வாரநாட்களில் மருத்துவமனைச் சமையலறையில் வேலை. சனிக்கிழமைகளில் லா சப்பலின் ரூ பெர்தொனே தெருவில் ஒரு தேநீர்க்கடை மேசை. விசா, வீடு, குடியுரிமை என்று வருகிறவர்களுக்கெல்லாம் விண்ணப்பம் எழுதுவார். இதற்கும் நகரசபைக்கும் சம்பந்தமே இல்லை. அதைச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், எழுதிக் கொடுப்பதே சுகம் என்று விட்டுவிட்டார்.

இந்தத் தேர்தலில் கட்சி அவரைப் பட்டியலில் முப்பதாவதாகப் போட்டது. பட்டியலுக்கு விழுகிற வாக்குக்கு ஏற்ப, மேலே இருக்கிற பெயர்களுக்குத்தான் இருக்கை. முப்பது என்றால், மரியாதையாக வீட்டுக்குப் போ என்று பொருள். உடம்பு ஓய்வு கேட்டது, மனம் கேட்கவில்லை. பட்டியலின் தலைவன் லூடோவிக்கிடம் போய் நின்றார்.

"உன் தமிழர்களைக் காட்டு, இடம் தருகிறேன்," என்றான் அவன்.

காட்டினார். தமிழர் கூடுவது லா சப்பலில்தானே என்று அங்கேயே மண்டபம் எடுத்துக் கூட்டம் வைத்தார். முந்நூறு பேர் வந்தார்கள். லூடோவிக்கின் கழுத்தில் மாலை, கையில் வடை. மறுநாளே நீக்கிலாசுக்கு ஏழாம் இடம்.

சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? அந்த முந்நூறில் அவருடைய ஊரில் குடியிருந்தவர்கள் நாற்பது பேர். மற்றவர்கள் நாலாபக்கமும் இருந்து ரயிலேறிச் சாமான் வாங்க வருகிறவர்கள். நாற்பதிலும் குடியுரிமை கிடைத்து வாக்குரிமை இருந்தது ஐந்து பேருக்கு. பட்டியல் தோற்றது. தோற்றவர்களுக்குக் கிடைத்தது ஆறு இருக்கைகள்.

அடுத்த சனிக்கிழமை அவர் தேநீர்க்கடை மேசைக்குப் போகாமல், ஒரு பழைய கோப்போடு பக்கத்துச் சேலைக்கடையின் பின்னறைக்குப் போனார். அங்கே அவருடைய மனைவி மரியகொறற்றி சட்டை தைத்துக்கொண்டிருந்தாள். கோப்பு அவளுடையது. அவருடைய முதல் தேர்தலிலேயே, "உங்களுக்கு நான் வோட் போடவேணும், எனக்கும் குடியுரிமைக்கு எழுதுங்கோ" என்று கேட்டவள். வாற மாதம், வாற மாதம் என்று அது பாதி எழுதியபடி மேசை லாச்சிக்குள்ளேயே கிடந்தது.

"இஞ்சாரும், உம்மட விண்ணப்பத்தை இண்டைக்கு முடிப்பம்."

மெசின் நிற்கவில்லை. "இப்ப என்னத்துக்கு?"

"வோட் போடலாமெல்லே."

"ஆருக்கு? உங்கட பேர்தான் இனி வராதே."

அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பார். நூல் அறுந்துவிட்டது என்று சொல்வதுபோலச் சொன்னாள். நீக்கிலாசுக்கு வெட்கமாக இருந்தது. அத்தனை தேர்தலிலும் வராத களைப்பு அப்போதுதான் வந்தது. ஒரு முக்காலியை இழுத்துப்போட்டு அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேனாவைத் திறந்தார்.

வாசல் திரையை விலக்கி ஒருவன் கடிதமொன்றோடு எட்டிப் பார்த்தான். "அண்ணை, உங்களைத் தேத்தண்ணிக் கடையிலை காணேல்லை. ஒரு அவசரம்..."

"பொறும் தம்பி," என்றார் நீக்கிலாஸ். "இவ பதினெட்டு வருசமாய் லைனிலை நிக்கிறா."