கூரை இடுக்கில் உரச் சாக்கு

குடிவந்த புது வீட்டில் தகரத்துக்கும் சுவருக்கும் நடுவே கை நுழையும் அளவு இடுக்கு. "அது காத்தோட்டத்துக்குங்க" என்றார் மேசன். பூண்டுலோயா மலையின் மார்கழிக் குளிரில் யார் காற்று கேட்டார்கள்? அடைக்க எடுத்த உரச் சாக்கின் காரவாடை மூக்கில் ஏறியது.

முன்பு குடியிருந்த தோட்டத்து லயத்தின் வரிசை வீட்டிலும் இதே வாடைதான். அடுப்பில் தேயிலை மிலாறுக் குச்சிகள் புகைந்து கண்ணை எரிக்கும். அப்பா ஏணி போட்டு இடுக்குகளில் சாக்கைத் திணிப்பார். லயம் பார்க்க வரும் துரைக்கு அசிங்கமாகத் தெரியுமென்று கணக்கப்பிள்ளை அதைப் பிடுங்கி எறிவார்.

"தொரை பங்களாவுல மட்டும் கணப்பு எரியலாமாக்கும்!" என்று முனகியபடி அப்பா மறுபடியும் திணிப்பார்.

இங்கே நான் கடைசிச் சாக்கைத் திணிக்கும்போது என் மகள் ஓடிவந்தாள்.

"அப்பா, நாளைக்கு வீடுகளத் தெறந்து வைக்கப் பெரிய ஆளுங்க வர்றாங்களாம். அசிங்கமா இருக்காம், சாக்கெல்லாம் எடுக்கச் சொல்றாங்க."