பெரியப்பாவின் இருமல்

மூக்கில் பஞ்சோடு பாடையில் படுத்திருந்தேன். காட்சி முடிந்தும் கேமராவை நிறுத்தாமல், "ஒரு வாட்டி சிரிச்சிடுங்க சார்" என்றார் இயக்குநர். பிணமாக நடித்தவர் கடைசியில் கேமராவைப் பார்த்துச் சிரித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் ஆயுளுக்கு ஆகாது என்பது எங்கள் தொழிலில் ஒரு நம்பிக்கை. அந்தச் சிரிப்பு படத்தில் வராது, வெட்டி எறிந்துவிடுவார்கள். நானும் பல்லைக் காட்டினேன்.

பெங்களூரில் தமிழ் பேசுகிற கறுத்த நடிகனுக்கு அடியாள் வேடத்தை விட்டால் வேறென்ன தருவார்கள்? கதாநாயகனிடம் உதைபட்டு உதைபட்டுச் சலித்திருந்தபோதுதான் தங்கவயல் சுரங்கத் தொழிலாளி வேடம் வந்தது. கல்தூசி நுரையீரலில் படிந்து சாகிற மனிதன். என் அப்பா அப்படித்தான் செத்தார். கதையை முழுதாகக்கூடக் கேட்காமல் ஒப்புக்கொண்டேன்.

அப்பாவோடு சுரங்கத்தில் இறங்கியவர் ஒருவர் பெங்களூரிலேயே, அடுகோடியில், மகள் வீட்டில் இருந்தார். சொந்தமில்லை, ஆனால் சிறுவயதிலிருந்தே எனக்குப் பெரியப்பா. அவருக்கும் அதே தூசி, அதே நோய். படப்பிடிப்புக்கு முன் அடிக்கடி போய் அவர் எதிரில் உட்கார்ந்துகொள்வேன். மடியில் தலையணையை வைத்து, அதன்மேல் கவிழ்ந்துதான் மூச்சு வாங்குவார். பேச்சு நடுவில் அறுந்துபோகும். விரலைத் தூக்கி, இரு என்பார். இருமல் வந்தால் மறைக்கமாட்டார். "நல்லா பாத்துக்கடா கண்ணு. நாங்க பட்டத யாருனா ஒருத்தன் காட்டட்டும்" என்றார்.

அந்த மூச்சையும் அந்த விரலையும் அப்படியே நடித்தேன். இயக்குநருக்குப் பிடிக்கவில்லை. இப்படி நடித்தால் ஜனம் தூங்கிவிடும், இருமல் சத்தமாக வரட்டும், வாயில் ரத்தம் கொப்பளிக்கட்டும் என்றார். வாதாடிப் பார்த்தேன். இந்த வேடத்துக்கு வேறு ஆளா கிடைக்காது என்று பதில் வந்தது. இருமித் தொலைத்தேன்.

படம் வெளியாகும் முன் விளம்பரத்துக்காக ஒரு துணுக்கை விட்டார்கள். விரலைத் தூக்குகிறேன், இருமுகிறேன், பறை முழங்குகிறது, பாடையில் கிடக்கும் பிணம் பல்லை இளிக்கிறது. வெட்டி எறிய வேண்டிய சிரிப்பைச் சாவோடு ஒட்டி வேடிக்கையாக்கிவிட்டார்கள். ஊரே ஃபோனில் பார்த்துச் சிரித்தது. அல்சூர் ஏரிப் பக்கம் நடக்கப் போனால், முன்பின் தெரியாதவர்கள்கூட என்னைப் பார்த்து விரலைத் தூக்கி இருமிக் காட்டினார்கள். சண்டை போடத்தான் இயக்குநரை அழைத்தேன். "செம ஹிட்டு சார். அடுத்த படத்துலயும் இதே இருமல வெச்சுக்கலாம்" என்றார். செத்த எலியைக் கையில் எடுத்ததுபோல் இருந்தது. அவர் படத்தில் இனி நடிப்பதில்லை என்று சொல்லிவிட்டேன். அவர் இன்னும் அழைத்துக்கொண்டுதான் இருக்கிறார்.

பெரியப்பாவைப் பார்க்கப் போனேன். பேத்தியின் ஃபோனில் அவரும் அதைப் பார்த்திருந்தார். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் தேவலை. "காப்பி குடிச்சிட்டு போ" என்றார். கொஞ்ச நேரத்தில் அவருக்கு மூச்சு முட்டியது. என்னை ஒருமுறை பார்த்தார். துண்டைச் சுருட்டி வாயில் அழுத்திக்கொண்டு, கண்ணில் நீர் கட்ட, நான் எழுந்து போகும்வரை இருமாமலே உட்கார்ந்திருந்தார்.