தோள் கொடுக்காத நாள்

மறுவாழ்வு மையத்தில் மூன்று மாதம் இருந்துவிட்டுக் கிளம்பும்போது ஆலோசகர் இரண்டு விஷயம் சொன்னார். கூடக் குடித்தவர்களைப் பார்க்காதே. சாயந்திரத்தில் சும்மா உட்காராதே, உன் தெருவுக்கு ஏதாவது செய். நல்ல மனிதர். ஆனால் பட்டினப்பாக்கத்தில் எங்கள் தெரு எப்படிப்பட்டது என்று அவருக்குத் தெரியாது.

எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். அம்மா மீன் விற்கிறாள். நான் தி.நகரில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிறேன். குடிகாரன் என்று ஒதுக்கிய தெரு, நான் திரும்பி வந்ததும் விண்ணப்பம் எழுதக் கூப்பிட்டது. முதலில் ரேஷன் கார்டில் பேர் சேர்த்துக் கொடுத்தேன். பிறகு எதிர் வீட்டுப் பெரியவர் செத்துப்போனார், அந்தக் காகிதங்களையும் நானே பார்த்தேன். அதிலிருந்து தெருவில் யார் செத்தாலும் என்னைத்தான் தேடுவார்கள். டாக்டரிடம் சான்று வாங்குவது, குளிர்பெட்டிக்குச் சொல்வது, மயானத்தில் நேரம் கேட்டுப் பதிவது எல்லாம் என் வேலை.

எங்கள் பக்கத்துச் சாவு வீட்டில் கொல்லையில் சரக்கு இருக்கும். பாடையைத் தூக்கும் நான்கு பேரும் ஒரே டம்ளரிலிருந்து ஆளுக்கு ஒரு வாய் குடித்துவிட்டுத்தான் தோள் கொடுக்க வேண்டும். குடிக்காதவன் தோள் நடுவழியில் தளர்ந்துவிடும் என்பார்கள். நான் காகிதத்தோடு வாசலிலேயே நின்றுகொள்வேன். வாசனை அங்கேயும் வரும். விண்ணப்பத்தில் இருக்கும் எண்ணைத் திரும்பத் திரும்பப் படிப்பேன். ஐந்து சாவு அப்படித்தான் போயிற்று.

ஆறாவதாகச் செத்தவன் என் சிநேகிதன்.

எட்டாம் வகுப்புவரை ஒரே பெஞ்சு. அவன் படகுக்குப் போனான், நான் கல்லூரிவரை போனேன். குடியை மட்டும் சேர்ந்தே பழகினோம். நான் விழுந்து கிடந்தபோதெல்லாம் தோளில் தூக்கிவந்து வீட்டில் போட்டவன் அவன்தான். மையத்திலிருந்து வந்தபின் அவன் பக்கமே நான் போகவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வாசலில் அவன் குரல் கேட்டது.

“மச்சி, கீறியாடா?”

நான் எழுந்து கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். அம்மாவைப் பார்த்து, இல்லை என்று தலையாட்டினேன்.

“இல்ல நைனா, கடைக்குப் போய்க்கீறான்,” என்றாள் அம்மா வாசல்படியில் நின்று.

“ஞாயித்துக்கெயமையிலயா?”

“துணிக்கடைக்கு ஏது நைனா லீவு?”

“சரி அத்த. அவன் போய் தங்கிகினு வந்தானே, அந்த எடத்துக்கு எப்டிப் போறதுன்னு கேக்கலாம்னு வந்தேன். அப்பாலிக்கா வரேன்.”

அவன் பின்னால் ஓடியிருக்க வேண்டும். பேசிவிட்டுப் போகும் வழியில் ஒரு வாய் என்பான், நானும் சரி என்பேன் என்று பயம். நாளைக்குப் போய்ப் பார்க்கலாம் என்று நினைத்தேன். போகவில்லை. அவனும் வரவில்லை. இரண்டு மாதத்தில் கண் மஞ்சளாகி, வயிறு வீங்கி, போய்ச் சேர்ந்தான்.

காகித வேலை எல்லாவற்றையும் நானே முடித்தேன். பாடை தயாரானதும், அதுவரை போகாத கொல்லைப்பக்கம் போனேன். மையத்திலிருந்து வெளியே வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. இன்னொரு வாய் உள்ளே போனால் நான் எழுந்திருக்க மாட்டேன் என்பது எனக்குத் தெரியும், அம்மாவுக்கும் தெரியும். ஆனால் அவனை ஒரு தடவையாவது நான் தூக்க வேண்டும்.

“நானும் தூக்கறேண்ணா,” என்றேன் அவன் அண்ணனிடம்.

டம்ளரை நீட்டினார். “ஊத்திக்கோ.”

“வேணாண்ணா. சும்மா தூக்கறேன்.”

“சும்மா தூக்கறதுக்கு இதின்னா மீன் கூடையா?”

“உடுப்பா, பட்டதாரி சொக்காயில இஸ்திரி கலஞ்சிடும்,” என்றான் பக்கத்தில் ஒருவன். இரண்டு பேர் சிரித்தார்கள்.

அண்ணன் சிரிக்கவில்லை. “அவன் உன்ன எத்தினி தபா தூக்கிகினு வந்து போட்டான்? அவனுக்காவ ஒரு வாய் ஊத்திக்க மாட்ட?”

கை டம்ளரை வாங்கிக்கொண்டது. வாய்வரை போயிற்று. மூக்கு அதை அடையாளம் கண்டுகொண்டதும் நாக்கில் எச்சில் ஊறியது. அழுகிற பெண்களுக்கு நடுவில் அம்மா என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். கூப்பிடவில்லை. தடுக்கவுமில்லை.

துவைக்கிற கல்லின்மேல் டம்ளரை வைத்தேன்.

“என்னால முடியாதுண்ணா.”

“அப்ப நவுரு.”

நகர்ந்தேன். வேறொருவன் குடித்துவிட்டு என் இடத்தில் தோள் கொடுத்தான். யார் தோளும் நடுவழியில் தளரவில்லை. மயானம்வரைக்கும் பின்னாலேயே, காகித உறையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

மூன்று நாள் கழித்து அவன் அம்மா வந்தாள். இறப்புச் சான்றிதழுக்கு எழுத வேண்டும். கையில் அவன் ஆதார் அட்டை இருந்தது. உட்கார்ந்ததும் கேட்டாள்.

“அன்னிக்கு அவன் வந்தப்ப நீ வூட்லதான இருந்த?”

அம்மா அடுப்படியில் அப்படியே நின்றுவிட்டாள்.

“ஆமா அத்த.”

“கதவுக்குக் கீய உன் காலு தெரிஞ்சிச்சாம். வந்து சொன்னான்.”

நான் படிவத்தை எடுத்து விரித்தேன்.

“போய் இன்னொரு தபா கூப்டுடான்னேன். வேணாம்மா, அவன் பயந்துகினு கீறான், உடுன்னான்.”

அவள் குரலில் கோபம் இல்லை. அட்டையை என் பக்கம் நகர்த்தினாள்.

“எய்து நைனா.”

படத்தில் அவனுக்குப் பதினெட்டு வயது இருக்கும். அவன் பெயரை எழுத ஆரம்பித்தேன்.