திருநீர்மலையை நான்கு முறை கடந்தோம்

என் பதினோராம் வயதில் எனக்கு ஓர் அநீதி இழைக்கப்பட்டது. இழைத்தவள் அம்மா. அந்தத் தீர்ப்பை நெடுங்காலம் நான் மறுபரிசீலனைக்கு எடுத்துக்கொள்ளவில்லை.

அப்பா சரக்குக் கப்பலில் இருந்தார். மேல்தளத்தில் தொலைநோக்கியோடு நிற்பவர் என்று பள்ளியில் சொல்லிவைத்திருந்தேன். உண்மையில் அவருடைய வேலை நீர்மட்டத்துக்கும் கீழே, இயந்திர அறையில். ஒருமுறை ஏறினால் பதினொரு மாதம். இரண்டாயிரத்துக்குப் பிந்தைய தொடக்க ஆண்டுகள் அவை. நடுக்கடலிலிருந்து அவர் பேசும் மூன்று நிமிடங்களில் இரண்டு நிமிடம் ‘கேக்குதா, கேக்குதா’ என்பதிலேயே போய்விடும். அதனால் சொல்ல வேண்டியவற்றை ஒரு தாளில் எழுதிக் கையில் வைத்துக்கொண்டுதான் அம்மா தொலைபேசியை எடுப்பாள். பாதிக்கு மேல் அடுத்த முறைக்கென்று தங்கிவிடும்.

அந்த ஆண்டு, அவர் ஏறிய ஏழாம் மாதத்தில், கப்பல் சென்னைத் துறைமுகத்துக்கே சரக்கு இறக்க வந்தது. அப்பாவுக்கு ஒரு பகல் கொடுத்தார்கள். மாலை ஆறு மணிக்குள் துறைமுக வாயிலுக்குத் திரும்பிவிட வேண்டும். ஏழு மாதத்துக்கு ஒரு பகல் என்று வகுத்தவர்கள் யார், அவர்களுக்கு வீடு என்று ஒன்று உண்டா என்று நான் அன்று கேட்கவில்லை. என் கோபமெல்லாம் கைக்கெட்டிய இடத்திலேயே செலவாகிவிட்டது.

அந்தப் பகலை நான் முன்கூட்டியே ஒதுக்கிவைத்திருந்தேன். திருநீர்மலையில் படியேறிக் கோயில் மதிலின் கிழக்கு மூலையில் நின்றால், மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானங்கள் தெரியும். அவற்றுக்கு அப்பால், வானம் தெளிந்த நாள்களில், மெல்லிய சாம்பல் கோடு ஒன்று தெரியும். அது கடல் என்று நான் சொன்னதை வகுப்பில் ஒருவனும் ஏற்கவில்லை. அம்மாவோடு போன ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த மூலையில் நின்று கப்பல் தேடியிருக்கிறேன். அது கடல்தானா என்று சொல்லத் தகுதியுள்ளவர் எங்கள் வீட்டில் ஒருவரே. அவரை அந்த மூலையில் நிறுத்தி, இங்கிருந்துதான் உங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று சொல்ல வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

அப்பா காலை ஒன்பது மணிக்கு மேற்குத் தாம்பரம் வீட்டுக்கு வந்தார். அன்றைக்கென்று ஓர் அம்பாசடர் பேசியிருந்தோம். வழி காட்டும் உரிமையோடு நான் முன்னிருக்கையில் ஏறிக்கொண்டேன். அம்மா பட்டுப்புடவையில் இருந்தாள். கையில் அந்தத் தாள், இரு பக்கமும் எழுதி, நான்காக மடித்து. பல்லாவரம் போய்ச் சேருவதற்குள் அப்பா அவள் தோளில் சாய்ந்து உறங்கிவிட்டார்.

மலையடிவாரத்தில் ஓட்டுநர் வண்டியை அணைத்த நொடியில் அப்பா உதறிக்கொண்டு எழுந்தார்.

“ஏன் நின்னுச்சு? என்ன ஆச்சு?”

அவருடைய கை காலடியில் எதையோ துழாவியது. கண்கள் திறந்திருந்தன, நாங்கள் அவற்றில் இல்லை.

“ஒண்ணுமில்லீங்க. கோயில் வந்துடுச்சு” என்றாள் அம்மா.

மெல்ல எங்களை அடையாளம் கண்டு, கூச்சத்தோடு சிரித்தார். “ராத்திரி பூரா ஒரு பம்பைப் பிரிச்சுப் போட்டு மாட்டிக்கிட்டிருந்தோம். வாடா, ஏறலாம்.” அவர் கதவுப் பிடியைத் தொட்டுவிட்டார். நான் இறங்கியே விட்டேன்.

அம்மா அவருடைய சிவந்த கண்களைப் பார்த்தாள். “வெயில் கொஞ்சம் தாழட்டுங்க. ஒரு சுத்து போயிட்டு வந்து ஏறலாம்” என்றாள். பிறகு என்னிடம், “ஏறி உட்காரு.”

நாகல்கேணியில் தோல் பதனிடும் வாடை வண்டிக்குள் வந்தபோது அப்பா மீண்டும் உறங்கியிருந்தார். குரோம்பேட்டை, தாம்பரம், மறுபடி பல்லாவரம், மறுபடி திருநீர்மலை. வெயில் தாழவில்லை. அம்மா நிறுத்தச் சொல்லவில்லை.

“இன்னாக்கா இது? வூட்டாண்ட உட்டா ஃபேனைப் போட்டுகினு தூங்கப் போறாரு” என்றார் ஓட்டுநர்.

“வீட்ல இன்ஜின் சத்தம் இல்லையேண்ணா. சத்தம் நின்னா முழிச்சுக்கிறாரு. நீங்க நிறுத்தாம ஓட்டுங்க.”

“இன்னும் எத்தினி தபா? இன்னாடா இவுங்கோ வராங்கோ, போறாங்கோன்னு பெருமாளே எட்டிப் பாக்கப் போறாரு.”

அம்மா சிரிக்கவில்லை. பல்லாவரம் சிக்னலில் டீசல் மிச்சம் பிடிக்க ஓட்டுநர் சாவியைத் திருப்பியபோது, “ஆஃப் பண்ணாதீங்க!” என்று அவள் போட்ட அதட்டல் நான் அதுவரை கேட்டிராதது.

மூன்றாம் முறை மலை தெரிந்தபோது என் பொறுமை தீர்ந்தது. “அம்மா, மலை போகுது!”

“ஷ்ஷ்.”

“ஏறலாம்னு சொன்னியே! பொய் சொன்னே நீ!”

“ஆமா. சொன்னேன். சத்தம் போடாதே.”

குற்றத்தை ஒப்புக்கொண்டவளிடம் மேற்கொண்டு என்ன வழக்காடுவது? திரும்பி உட்கார்ந்து கண்ணாடியில் அவர்களைக் கண்காணித்தேன். வெயில் பக்கவாட்டில் ஏறி அப்பாவின் முகத்தில் விழுந்தது. அம்மா மடித்த தாளை ஒற்றைக் கையால் உதறி விரித்து, அவருடைய கண்களுக்கு மறைப்பாகப் பிடித்தாள். மறு தோளில் அவருடைய தலை. நான்காம் முறை மலையைக் கடந்தபோதும் அந்தக் கை இறங்கவில்லை.

துறைமுக வாயிலில் வண்டி நின்றதும் அப்பா விழித்தார். “அப்பாடா, என்ன தூக்கம்! கப்பல் ஏறினதுலேர்ந்து இப்படித் தூங்கினதே இல்லை.” முகம் தெளிந்து, இளமையாக இருந்தது. பிறகு என்னைப் பார்த்தார். “மலைக்குப் போகலையா?”

“நாலு தடவை போனோம்” என்றேன்.

சிரிக்கத் தொடங்கி நிறுத்திக்கொண்டார். “மலை எங்கடா போயிடப் போகுது?”

“நீங்க போயிடுவீங்கல்ல.”

என் தலையை நோக்கி வந்த கையிலிருந்து விலகிக்கொண்டேன். அவர் வாயிலைக் கடந்து திரும்பிப் பார்த்தபோது நான் கையசைக்கவில்லை. அம்மா அசைத்தாள். வீடு வரும்வரை அவளோடு நான் பேசவில்லை. அவளும் பேசவைக்க முயலவில்லை.

அம்மா போய் நாற்பது நாள் ஆகிறது. அப்பா ஓய்வுபெற்று வீட்டோடு இருக்கிறார். அவருக்கு உறக்கம் இல்லை. மருத்துவர் கொடுத்த மாத்திரையும் பலிக்கவில்லை. சென்ற வாரம் முதல் அவரைக் காரில் ஏற்றிச் சுற்றிவருகிறேன். இக்காலத்து வண்டிகள் சிக்னலில் நின்றதும் தாமாகவே இயந்திரத்தை அணைத்துக்கொள்கின்றன. அதைத் தடுக்க ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்திவிட்டுத்தான் கிளம்புகிறேன். குரோம்பேட்டை வருவதற்குள் அவர் உறங்கிவிடுகிறார். சாயத் தோள் இல்லாமல் தலை ஜன்னல் கண்ணாடியில் இடித்துக்கொண்டே வருகிறது.

அன்று ஒரு பகலை இழந்தவன் நான் ஒருவனே என்று நம்பியிருந்தேன். துறைமுக வாயிலில் அப்பாவை இறக்கிவிட்டபின் அம்மா அந்தத் தாளை, வந்த மடிப்பிலேயே மடித்துக் கைப்பைக்குள் வைத்ததை என் கண்களால் பார்த்தேன். அதில் ஒரு வரிகூட அன்று படிக்கப்படவில்லை. அதில் என்ன எழுதியிருந்தாள் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.