மூன்றாவது துளைக்கு எட்டாத விரல்

பசு பருவத்துக்கு வந்து கத்தத் தொடங்கினால் லீட்ரிம் பக்கத்து விவசாயிகள் முதலில் கூப்பிடுவது ஃபின்டன் கில்ரேனைத்தான். மாட்டுக்குச் சினை ஊசி போடுவது அவன் தொழில். காலையில் காரை எடுத்தால், ஒரு பண்ணையிலிருந்து இன்னொரு பண்ணைக்கு என்று சேற்றுப் பாதைகளிலேயே பொழுது போய்விடும். போன இடத்தில் மாடு கட்டுத்தறியில் இருக்காது. மேட்டில் மேய்கிறதை ஓட்டிவர ஆள் போயிருக்கும். அப்படிக் காத்திருந்த நேரங்களில்தான் அவன் குழல் பழகினான், கல்யாணத்துக்கெல்லாம் பிறகு, முப்பது வயதுக்கு மேல். ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தபடியே கதவுக் கண்ணாடியை இறக்கி, குழலின் முனையை வெளியே நீட்டி வாசிப்பான். தூரத்திலிருந்து பார்ப்பவர்களுக்குத் துப்பாக்கி மாதிரி தெரியும்.

அது கருங்காலிக் குழல். காருக்குள் ஹீட்டர் சூடு, வெளியே ஜனவரிக் குளிர். ஒருநாள் தலைப்பகுதி நெட்டுக்கு வெடித்தது. செய்துகொடுத்தவரிடமே கொண்டுபோனான். ஒட்டிக் கொடுத்தார். அடுத்த குளிர்காலத்தில் அதன் பக்கத்திலேயே இன்னொரு வெடிப்பு.

"இது வீட்டுல வச்சு வாசிக்கிற சாமான். கார்ல போட்டு வதைக்கணும்னா பிளாஸ்டிக்ல ஒண்ணு வாங்கிக்கோ," என்றார் அவர். முகத்தைப் பார்க்கவில்லை, வெடிப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஃபின்டனின் தொல்லை அங்கே ஆரம்பித்தது.

ஞாயிறு பிற்பகல்களில் ஹெஸ்லின் மதுக்கடையின் மூலையில் ஏழெட்டுப் பேர் சேர்ந்து வாசிப்பார்கள். அங்கே வாய் தவறிச் சொல்லிவிட்டான். ஆளாளுக்கு யோசனை சொல்ல வந்துவிட்டார்கள். ஒருவர், தண்ணீர்க் குழாயில் துளை போட்டுச் செய்கிற குழாய்க் குழலே போதும், மலிவு, என்றார். இன்னொருவர், கடைசல் பிடித்துச் செய்கிற கெட்டிப் பிளாஸ்டிக் குழல் இருக்கிறது, மரத்தையே தோற்கடிக்கும், என்றார். விசாரித்தால் அதன் விலையும் மரத்தை எட்டிப் பிடித்தது. கைக்கு வர ஒரு வருஷத்துக்கு மேல் ஆகுமாம். எல்லோரும் நாதத்தைப் பற்றியே பேசினார்கள்.

அக்கார்டியன் வாசிக்கும் மலக்கி மட்டும் வேறு மாதிரி பேசினான். ஃபின்டனோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன்.

"எதுக்குடா காசு? மாட்டுக்குப் போடுற அந்த நீள ஊசி இருக்குல்ல, அதுலயே ஆறு ஓட்டை போட்டுக்கோ."

ஃபின்டன் முதலில் தபாலில் வரவழைத்தது குழாய்க் குழல். வெள்ளை வெளேரென்று இருந்தது. சமையலறையில் கிடந்ததை அவன் மனைவி அசம்ப்டா கையில் எடுத்துப் பார்த்தாள்.

"பிளம்பர் வந்தானா இன்னிக்கு?"

"குழல் அது."

"சிங்க்குக்கு அடியில ஒழுகுதுன்னு ஒரு மாசமா சொல்றேன். சரி, வந்துட்டான் போலன்னு நினைச்சேன்."

மேல் சுரங்கள் ஒருவிதமாய் வந்தன. கீழே, ஆறு துளையும் மூடி வாசிக்கிற அந்த அடிச்சுரம் வரவேயில்லை. பாதிப் பாட்டுகள் வந்து முடிகிற சுரம் அதுதான். ஒரு வாரம் ஊதினான். காற்றுதான் வந்தது. குழலைத் தூக்கிப் பரண்மேல் எறிந்தான்.

பிறகு கேரிக் ஊரில் இருக்கும் வாத்தியக் கடைக்குப் போனான். யூனா என்ற பெண் கடையைப் பார்த்துக்கொண்டாள். கறுப்புப் பாலிமர் குழல் ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். இரண்டே துண்டு, அழகாகப் பொருந்தியது. ஊதியதும் அடிச்சுரம் மேசை அதிர வந்தது. விலையும் அவனால் தாங்கக்கூடியது. அந்த நேரம் பார்த்து ஒரு பண்ணையிலிருந்து அழைப்பு வர, அவசரமாகப் பணத்தைக் கட்டி வாங்கிக்கொண்டு கிளம்பினான்.

அவன் மறந்துபோனது தன் விரலை. இளவயதில் ஒரு கிடாரி இரும்புக் கதவோடு வைத்து அழுத்தியதில் இடதுகை மோதிரவிரல் கோணிப்போயிருந்தது. குளிர் பட்டால் முழுதாக நீளாது. மரக்குழல் செய்தவர் கையைப் பார்த்துவிட்டு, மூன்றாவது துளையை மட்டும் சற்று உள்பக்கமாகத் தள்ளிப் போட்டுக் கொடுத்திருந்தார். இத்தனை வருஷமும் அதில் வாசித்து வாசித்து, விரலில் குறை இருப்பதே ஃபின்டனுக்கு நினைவில்லை. கடையில் கணப்பு எரிந்துகொண்டிருந்ததால் அன்று விரலும் ஒத்துழைத்துவிட்டது.

மறுநாள் காலை காரில் ஊதினான். கீச்சென்றது. விரல் துளையின் விளிம்புவரை போய் நின்றுவிட்டது. மணிக்கட்டைத் திருகினால் எட்டியது, ஆனால் முதல் துளை திறந்துகொண்டது. போதாக்குறைக்கு, பிளாஸ்டிக் ஈரத்தை உறிஞ்சாததால் மூச்சின் நீரெல்லாம் உள்ளே வழிந்து துளைகளில் கசிந்தது. மோவாயிலும் வழுக்கியது. அதற்கு ஒரு வழி கேள்விப்பட்டிருந்தான்: வாய் வைக்கும் இடத்தில் ஒரு தபால்தலையை ஒட்டினான். வழுக்கல் நின்றது. விரலுக்குத்தான் வழியில்லை.

கடைக்கு போன் போட்டான்.

"வாய் வச்ச சாமானைத் திரும்ப எடுக்க மாட்டோமே," என்றாள் யூனா. "என்ன பிரச்சினைன்னு சொன்னீங்கன்னா..."

அவன் பாதியிலேயே வைத்துவிட்டான்.

அந்த ஞாயிறு ஹெஸ்லினில் ஒரு பாட்டை அவனே தொடங்கினான். நான்காவது சுற்றில் கீச்சென்று நின்றது. மற்றவர்கள் அவனை விட்டுவிட்டுத் தொடர்ந்தார்கள். வாசித்தபடியே மலக்கி சொன்னான்:

"கன்னுக்குட்டி காலை மிதிச்சிட்டியாடா?"

சிரித்தார்கள். ஃபின்டன் கோப்பையில் இருந்ததைக் குடித்துவிட்டு வெளியே வந்து, காரில் வெகுநேரம் சாவியைப் போடாமல் உட்கார்ந்திருந்தான். ஒரு துளை. ஒரு கால் அங்குலம். அதற்கு இத்தனை பாடு. அன்றைக்குக் குழல் கையில் இருந்திருந்தால் முறித்தே போட்டிருப்பான். உள்ளேயே விட்டுவிட்டு வந்திருந்தான். பிறகு போய் எடுத்துவந்தான்.

மறுநாள் பாக்கி மகூர்ட்டி பண்ணையில் நொண்டிப் பசு ஒன்று நின்றது. குளம்பில் மரக்கட்டை ஒட்டியிருந்தார்கள்.

"இந்தக் குளம்புப் பசை கொஞ்சம் கிடைக்குமா?"

"எந்த மாட்டுக்கு?" என்றார் பாக்கி.

"மாட்டுக்கில்ல."

"பெஞ்சாதிக்கா?"

பாக்கி சிரித்துக்கொண்டே ஒரு குழாய்ப் பசையைக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து மூன்றாவது துளையைப் பசையால் அடைத்தான். சமையலறை முழுக்க நாற்றம்.

"நாம சாப்பிடுற மேசைடா அது," என்று அசம்ப்டா மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னல்களைத் திறந்தாள்.

பசை கல்லாக இறுகியதும், அதே மட்டத்தில், உள்பக்கமாகத் தள்ளி டிரில்லை வைத்தான். மரமாக இருந்தால் யோசித்திருப்பான். பிளாஸ்டிக்தானே என்று அழுத்தினான். முனை வழுக்கி, துளை நினைத்ததைவிடப் பெரிதாகிவிட்டது. விரல் மட்டும் போய் வாகாக உட்கார்ந்தது.

பெரிதான துளை கெடுத்தது எந்தச் சுரத்தை என்றால், பிடில்காரர்கள் எல்லோரும் சுருதி சேர்த்துக்கொள்கிற அதே சுரத்தை. ஞாயிற்றுக்கிழமை அது தூக்கலாக நின்றது.

"யாரோ ஒருத்தன் மேலேறிப் போறான்," என்றான் மலக்கி, யாரையும் பார்க்காமல்.

தேன்மெழுகை உருட்டி விளிம்பில் அப்பி, துளையைச் சுருக்கினான் ஃபின்டன். சுரம் இறங்கியது. ஹீட்டர் போட்டால் மெழுகு இளகும். ஒவ்வொரு தடவையும் கட்டைவிரலால் அழுத்திச் சரிசெய்ய வேண்டும்.

பிறகொரு நாள், குழலின் உள்ளே ஈரம் துடைக்கும் குச்சி வாங்கக் கேரிக் போனபோது, யூனா அந்தக் குழலை வாங்கிப் பார்த்தாள். பசைத் தழும்பைத் தடவினாள்.

"விரலுக்கு எட்டலையா? மூணு துண்டுல இதே குழல் இருக்கே. நடுத் துண்டைக் கொஞ்சம் திருப்பிக்கிட்டா துளை விரலுக்கு வந்துடும். அன்னிக்கு போன்ல அதத்தான் சொல்ல வந்தேன்."

"என்ன விலை?"

"இதே விலைதான்."

ஃபின்டன் குச்சியை வாங்கிக்கொண்டு கிளம்பினான். வழியில் வானொலியைக்கூடப் போடவில்லை. வீட்டில் சொன்னதும் அசம்ப்டா மாடிப்படியில் உட்கார்ந்து, கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள்.

"இன்னொண்ணு வாங்கிடேன்," என்றாள் கடைசியில்.

"மாட்டேன்."

வீம்புதான், அவனுக்கும் தெரியும். அடுத்த ஞாயிறு அதையே எடுத்துக்கொண்டு ஹெஸ்லினுக்குப் போனான். மலக்கி பக்கத்தில் வந்து உட்கார்ந்து மூக்கைச் சுளித்தான்.

"என்னடா நாத்தம்?"

"குளம்புப் பசை. வாசி."

பாட்டு போனது. மூன்று பாட்டுக்குப் பிறகு விரல் சூட்டில் மெழுகு இளகி அந்தச் சுரம் மெல்ல ஏறத் தொடங்கியது. மற்றவர்கள் கவனித்ததாகத் தெரியவில்லை. ஃபின்டனுக்குக் கேட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த சுற்றுக்குப் போனான்.