மண்மூட்டையான கூறைச்சேலை

தாராவியில் ஒரு தையல் பட்டறையின் மாடியில், சனிக்கிழமைதோறும் ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்துவந்தேன். ஒருநாள் இலங்கைப் போரைப் பற்றிப் பேச்சு வந்தது. "கோன் ஜீத்தா?" என்றான் ஒருவன். ஜெயித்தது யார் என்பதற்கு மேல் எவருக்கும் எதுவும் வேண்டியிருக்கவில்லை. எனக்கு எரிச்சலாக வந்தது.

அடுத்த வாரம், சுனாபட்டியில் எனக்குப் பழக்கமான ஒரு பெண்ணை அழைத்துவந்தேன். வன்னியில் பிறந்தவள். போரின் கடைசி மாதங்களில் அவளுக்கும் இந்தப் பிள்ளைகளின் வயதுதான். கல்யாணமாகி இங்கே வந்திருந்தாள்.

அவளுடைய இலங்கைத் தமிழைக் கேட்டதும் பின்வரிசையில் சிரித்தார்கள். துப்பாக்கி சுட்டதுண்டா என்று ஒருவன் கேட்டான். அவள் முகம் இறுகியது.

"பங்கருக்கு மண்மூட்டை அடுக்கச் சாக்கு இல்லை. அம்மா தன்ர கூறைச்சீலையை வெட்டிப் பை தைச்சவா. அதுக்குப் பின்னாலதான் தம்பி படுத்திருந்தவன். ஷெல் விழுந்தாப் பிறகு மண்ணைக் கிண்டித்தான் அவனை எடுத்தனாங்கள்."

சிரிப்பு நின்றது. கீழே மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. பட்டறையில் தைப்பவரின் மகள், அந்தச் சேலை என்ன கலர் என்று கேட்டாள். சிவப்பு என்றதும் அழத் தொடங்கினாள்.

அழுகை கேட்டு அவளுடைய அப்பா மேலே ஏறி வந்தார். விருந்தாளியை ஏறிட்டும் பார்க்கவில்லை.

"மாட்டுங்காவுல இருந்து வந்து என்னத்தையாவது சொல்லிட்டு, நீங்க பஸ் ஏறிப் போயிருவீங்க டீச்சர். நாளைக்குப் புலி ஆளுங்களான்னு போலீஸ் வந்து கேட்டா, பதில் சொல்லுததுக்கு நாங்கல்லா கெடக்கணும்? எம்புள்ளைய எதுக்கு அழ வைக்கீங்க?"

"அழட்டும்" என்றேன். "யாரு ஜெயிச்சான்னு மட்டும் கேட்டு வளர்றதுக்கு, அழறது தேவலை."

அவர் மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு இறங்கினார். மற்றப் பிள்ளைகளும் ஒவ்வொருவராகப் பையைத் தூக்கிக்கொண்டார்கள்.

வன்னிப் பெண்ணோடு பஸ் நிறுத்தம் வரை நடந்தேன். பஸ் வந்ததும் சொன்னாள்: "இனி என்னைக் கூப்பிடாதேங்கோ. அவங்கள் சிரிக்கிறதுக்கே நான் என்ர தம்பியைக் கொண்டு வந்தனான்?"

மறுவாரம் மாடிக்குப் பூட்டுப் போட்டிருந்தார்கள். மாஹிமில் ஒரு சர்ச்சின் பின்னறை கிடைத்தது. சிலர் மட்டும் வந்தார்கள். அழுத பெண் வரவேயில்லை.

மழைக்காலத்தில் ஒருநாள் அவளுடைய அப்பா பஸ்ஸில் என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார். இன்னமும் அதே பாடம்தானா என்று கேட்டார். ஆமாம் என்றேன். எழுந்துபோய், படிக்கட்டுப் பக்கம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் விட்டுப்போன இடத்தில் என் ஈரக்குடையை வைத்தேன்.